ரன்ஃபிளாட் டயரா, சாதா டயரா? செட்டிநாட்டுச் சாலைகளில் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தை பிறந்து முகூர்த்த நாட்கள் வந்துவிட்டால் காரைக்குடியில் சென்னைப் பதிவு எண் கார்கள் பெருகிவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று பூட்டியிருந்த வீடுகள் திறக்கும். எங்கள் டயர் கடைக்கும் அதுதான் வேலை மிகுந்த காலம். அப்படி ஒரு நாளில் கல்யாணத்துக்கு வந்த குடும்பம் ஒன்று, பின்பக்க டயர் காற்றிறங்கிய பெரிய காரோடு வந்து நின்றது. மகன் இறங்கி, "அண்ணே, இதே டயர் ஒண்ணு கிடைக்குமா?" என்றார்.

"இந்த சைஸ்ல ரன்ஃபிளாட் இங்க யாரும் ஸ்டாக் வைக்கிறதில்லைங்க. திருச்சியிலயோ மதுரையிலயோ கேட்டுத்தான் வரவழைக்கணும். நாளைக்கு வந்தா அதிர்ஷ்டம்."

பின் சீட்டில் இருந்த ஆச்சி கண்ணாடியை இறக்கினார். "ஏந்தம்பி, காத்து இல்லாமலே ஓடும்னு சொல்லித்தானே இவ்வளவு காசு குடுத்து வாங்கினான்?"

"ஓடும் ஆச்சி. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்னு ஒரு கணக்கு இருக்கு."

அந்தக் கணக்கு தெரியாமல் பலர் டயரையும் பணத்தையும் இழக்கிறார்கள். டயரைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு நேரங்களை மனதில் வையுங்கள்: பஞ்சரான முதல் ஒரு மணி நேரம், அதற்கு மறுநாள். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் முதல் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும். சாதா டயர் மறுநாளைக் காப்பாற்றும். உங்களுக்கு எது பெரிய கவலை என்பதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

முதல் படி: இப்போது மாட்டியிருப்பது என்ன டயர்?

ரன்ஃபிளாட் டயரோடு கார் ஓட்டிக்கொண்டே அது தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். குனிந்து டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு குறி போடும். பிரிட்ஜ்ஸ்டோன் 'ஆர்.எஃப்.டி.', கான்டினென்டல் 'எஸ்.எஸ்.ஆர்.', மிஷெலின் 'இசட்.பி.', குட்இயர் 'ஆர்.ஓ.எஃப்.' என்று போடுகிறார்கள். பிஎம்டபிள்யூ கார்களுக்கான டயர்களில் 'ஆர்.எஸ்.சி.' என்ற எழுத்தும், அந்தக் காருக்கென்றே தயாரித்தது என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறியும் இருக்கும். மெர்சிடிஸுக்கான ரன்ஃபிளாட்டில் 'எம்.ஓ.இ.' என்றிருக்கும். வெறும் 'எம்.ஓ.' என்றால் அது அந்தக் காருக்கு ஒப்புதல் பெற்ற சாதா டயர். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆர்டர் கொடுக்கும்போது இங்கேதான் தவறு நடக்கிறது.

பிறகு டிக்கியைத் திறந்து தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி உட்காரும் குழி இருக்கிறதா? ரன்ஃபிளாட்டுக்காகவே வடிவமைத்த பல கார்களில் அந்தக் குழியே கிடையாது. (ஸ்டெப்னி என்ற சொல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904 வாக்கில் அங்கே மாற்றுச் சக்கரம் தயாரித்தார்கள். பிரிட்டனில் இன்று அந்தச் சொல் வழக்கில் இல்லை. நம் ஊரில் வாழ்கிறது.)

மாருதி, ஹூண்டாய், டாடா, டொயோட்டா என்று நம் ஊரில் அதிகம் ஓடும் கார்கள் ஏறக்குறைய எல்லாமே சாதா ட்யூப்லெஸ் டயரோடு வருபவை. அவற்றுக்கு ரன்ஃபிளாட் வாங்கி மாட்ட நினைக்காதீர்கள். பஞ்சரான ரன்ஃபிளாட் வெளிப்பார்வைக்கு நல்ல டயர் போலவே நிற்கும். பிரஷர் கண்காணிக்கும் டி.பி.எம்.எஸ். இல்லாத காரில் காற்று போனதே உங்களுக்குத் தெரியாது. ரிம்மின் உள்விளிம்பும் ரன்ஃபிளாட்டைப் பிடித்து வைக்கும் வடிவில் இருக்க வேண்டும், சஸ்பென்ஷனும் அந்தக் கடினத்துக்கு ஏற்ப அமைந்திருக்க வேண்டும். சாதா டயரோடு வந்த கார் வைத்திருப்பவர்கள் டி.பி.எம்.எஸ். இல்லையென்றால் ஒன்றைப் பொருத்தி, ஸ்டெப்னியில் காற்று பார்த்து வைத்தாலே போதும். நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படி: காற்று போனால் உள்ளே என்ன நடக்கிறது?

சாதா டயரில் காரின் எடையைத் தாங்குவது காற்றுதான். காற்று போனால் பக்கச்சுவர் மடிந்து, ரிம் அதன் மேல் உட்கார்ந்துவிடும். அப்படியே அரை கிலோமீட்டர் உருட்டினாலும் டயர் கிழியும், ரிம்மும் தேயும்.

ரன்ஃபிளாட்டின் பக்கச்சுவருக்குள் சூடு தாங்கும் தடித்த ரப்பர் வைத்திருப்பார்கள். காற்றே இல்லாவிட்டாலும் அந்தச் சுவர் காரைத் தூக்கி நிறுத்தும். பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் எல்லை மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ. தூரம். உங்கள் காருக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஆள் நிறைய, டிக்கி நிறையச் சீர்வரிசைப் பாத்திரம் என்று பாரம் ஏறினால் அந்தத் தூரம் குறையும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையிலும் குறையும்.

எல்லை மீறி ஓடிய ரன்ஃபிளாட்டை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். திருமயம் தாண்டியதும் டேஷ்போர்டில் விளக்கு எரிந்திருக்கிறது. ஸ்டீயரிங் இழுக்கவில்லை, சத்தமும் இல்லை. "ஒண்ணும் தெரியலையே" என்று டிரைவர் அதே வேகத்தில் தேவகோட்டை வரை போய்விட்டு மறுநாள் கொண்டுவந்தார். வெளியே ஒரு கீறல் இல்லை. ரிம்மிலிருந்து பிரித்துச் சாய்த்தபோது உள்ளேயிருந்து கறுப்பு ரப்பர் தூள் கொட்டியது. இரண்டு கையும் சேர்த்து அள்ளும் அளவுக்கு, அரைத்த கரி மாதிரி. உள்சுவரைச் சுற்றி விரல் வைத்துப் பார்த்தால் வட்டமாக ஒரு மடிப்பு, அதன் ஓரத்தில் ரப்பருக்குள் இருக்கும் நூல் தெரிந்தது. தூரம் 40 கி.மீ.கூட இல்லை. வேகம்தான் கொன்றது. அந்த டயருக்கு ஒட்டுப்போட முடியாது, போடவும் கூடாது.

மூன்றாம் படி: உங்கள் பயணங்களை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த ஆறு மாதத்தில் கார் போன இடங்களை எழுதுங்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை சுமார் 18 கி.மீ. புதுக்கோட்டை 40-க்குள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி எல்லாம் பக்கத்திலேயே. ஊருக்குள்ளும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் கார் என்றால், ரன்ஃபிளாட் எங்கே காற்றிறங்கினாலும் வீடு வந்து சேரும்.

திருச்சி ஏறக்குறைய 90 கி.மீ. மதுரையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இங்கே கணக்கு இடிக்கிறது. ரன்ஃபிளாட் ஸ்டாக் இருக்கக்கூடிய பெரிய ஊர், ரன்ஃபிளாட் ஓடும் தூரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. காரைக்குடியில் காற்றிறங்கினால் அப்படியே மெதுவாக ஓட்டி மதுரைக்குப் போய்ப் புது டயர் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு நடக்காது. சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு 80 கி.மீ. என்பது தாராளம். செட்டிநாட்டுக்காரருக்கு அது வீடு திரும்ப மட்டும்தான் காணும்.

இன்னொன்றையும் எழுதுங்கள்: காரில் யார் போகிறார்கள், எந்நேரத்தில்? வயதான அப்பச்சியும் ஆத்தாவும் டிரைவரோடு விடியற்காலை ரயிலுக்குப் போகிறார்களா? மகள் தனியாக இரவில் ஓட்டுகிறாளா? கீழச்சிவல்பட்டிப் பக்கமோ, திருமயம் தாண்டியோ இரவு பத்து மணிக்கு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஜாக்கி போடும் நிலைமை அவர்களுக்கு வரக்கூடாது என்றால், ரன்ஃபிளாட்டின் விலை நியாயமான விலை. வாடிக்கையாளர்களிடம் இதை நான் அழுத்திச் சொல்வேன். டயர் மாற்றத் தெரியாதவர்கள் ஓட்டும் காருக்கு டயரை வேறு விதமாகத்தான் யோசிக்க வேண்டும்.

நான்காம் படி: உங்கள் சாலை என்ன செய்யும்?

இந்தப் பக்கத்துப் பஞ்சர்களில் பாதிக்குச் சீமைக் கருவேல முள்தான் காரணம் என்பது என் அனுபவம். விறகு ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து சிறு கிளை விழுந்தால் போதும். முள் டயருக்குள் இறங்கி, ரப்பர் மட்டத்தோடு ஒடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டாது. சோப்புத் தண்ணீர் ஊற்றினால் கடுகளவு குமிழ் ஒன்று வந்து வந்து உடையும். இப்படிப் போகும் காற்று மெதுவாகப் போகும், இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். இரண்டாவது காரணம் ஆணி. பழைய வீட்டை இடிக்கும்போது கதவு நிலை, உத்திரம் ஏற்றிய லாரி போன தெருவில் துருப்பிடித்த ஆணி கிடக்கும். வீட்டு வேலை நடக்கும் தெருவில் காரை நிறுத்தாதீர்கள்.

முள்ளும் ஆணியும் இரண்டு வகை டயரையும் ஒரேமாதிரி குத்தும். பள்ளமும் வேகத்தடையும் அப்படியல்ல. ரன்ஃபிளாட்டின் பக்கச்சுவர் விறைப்பானது, வளைந்து அடியை வாங்கிக்கொள்ளாது. வாங்காத அடி ரிம்முக்குப் போகிறது. 225/45 என்று போட்ட டயரில் பக்கச்சுவரின் உயரம் 225-இல் 45 சதவீதம், அதாவது சுமார் 101 மில்லிமீட்டர். 185/65 டயரில் அது 120 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டு விரற்கடைகூட இல்லாத வித்தியாசம், பள்ளத்தில் விழும்போது அலாய் ரிம் வளைகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. கிராமத்து நுழைவில் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை, மழைக்குப் பிறகு செம்மண் அரித்துப் போன சாலையோரம், இவற்றில் தினமும் ஓடும் காரில் ரன்ஃபிளாட்டின் பக்கச்சுவர் கொப்புளம் கட்டுவதையும் அலாய் விரிசல் விடுவதையும் தொடர்ந்து பார்க்கிறேன். முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்தக் குலுக்கலே போதும் தொந்தரவுக்கு.

ஐந்தாம் படி: மறுநாளை யோசியுங்கள்

சாதா டயரில் நடுப்பகுதியில் ஏறிய முள்ளுக்கு எந்த ஊர்ப் பஞ்சர் கடையிலும் ரப்பர் ஸ்ட்ரிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (காளான் வடிவ ஒட்டு) போட்டால் இன்னும் நல்லது.

ரன்ஃபிளாட்டுக்கு ஒட்டுப்போடலாமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு மாறும். சில கம்பெனிகள் வேண்டவே வேண்டாம் என்கின்றன. சில, காற்று குறைந்த நிலையில் ஓடாமல் இருந்தால், நடுப்பகுதியில் சிறிய ஓட்டை என்றால் போடலாம் என்கின்றன. நான் வைத்திருக்கும் வழக்கம்: விளக்கு எரிந்ததும் நிறுத்தி, பிரஷர் 20 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே போகாமல் கொண்டுவந்தால், டயரைப் பிரித்து உள்சுவரைப் பார்ப்பேன். தூளும் மடிப்பும் இல்லையென்றால் மஷ்ரூம் பேட்ச். காற்றே இல்லாமல் ஓடியிருந்தால், வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் போடமாட்டேன். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் எந்த டயருக்கும் வைத்தியம் கிடையாது.

கழற்றும் வேலையும் லேசானதல்ல. விறைத்த சுவரை ரிம்மிலிருந்து இறக்க, அழுத்தும் கை உள்ள மெஷின் வேண்டும். லிவர் வைத்து நெம்பினால் டயரின் விளிம்பு கிழியும், வால்வோடு சேர்ந்திருக்கும் சென்சார் உடையும். டயரைக் கொடுக்கும் முன் "ரன்ஃபிளாட் பிரிக்கிற மெஷின் இருக்கா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எனக்குத் தோன்றும் முடிவு

சென்னையில் நிற்கும் கார், வருடத்துக்கு நாலைந்து முறை ஊருக்கு வரும், டிக்கியில் குழி இல்லை, பெரியவர்கள் பயணம் செய்வார்கள் என்றால், ரன்ஃபிளாட்டிலேயே இருங்கள்.

கார் இங்கேயே நிற்கிறது, தினமும் கிராமத்துச் சாலை, ஓட்டுபவருக்கு டயர் மாற்றத் தெரியும் அல்லது டிரைவர் இருக்கிறார் என்றால், டயர் தேயும்போது சாதா டயருக்கு மாறிவிடுங்கள். ஸ்டெப்னி வைக்க இடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

நடுவில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. தானாக ஓட்டையை அடைத்துக்கொள்ளும் டயர். உள்ளே பிசின் போன்ற பூச்சு இருக்கும். நடுப்பகுதியில் சுமார் 5 மில்லிமீட்டர் வரையான ஓட்டையை அது மூடிவிடும். கருவேல முள்ளுக்கு இது நன்றாகவே பொருந்தும். பக்கச்சுவர் சாதாரணமாக இருப்பதால் குலுக்கலும் குறைவு. உங்கள் அளவில் கிடைத்தால் வாங்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அது கைகொடுக்காது.

ரன்ஃபிளாட்டிலிருந்து சாதா டயருக்கு மாறுவது எப்படி?

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். முன்னே ரன்ஃபிளாட், பின்னே சாதா என்று ஓட்டினால் திருப்பத்தில் கார் ஒரு பக்கம் ஒருவிதமாக நடந்துகொள்ளும். ஒரே அச்சில் இடமும் வலமும் கலப்பது ஆபத்து, ஒரு நாளைக்குக்கூட வேண்டாம்.

அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறி மூன்றும் குறையக்கூடாது. பக்கச்சுவரில் '95 ஒய்' என்பதுபோல் இருக்கும். 'ஒய்' வேகக் குறி, எண் சுமைக் குறியீடு. 95 என்றால் அந்த டயர் 690 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோதான். விலை குறைவு என்று 91 போட்டால் டயர் ஒன்றுக்கு 75 கிலோ குறைகிறது. நாலு டயருக்கும் சேர்த்தால் நாலு ஆள் எடை. கல்யாணத்துக்கு எத்தனை பேரை ஏற்றுவோம் என்பது நமக்குத் தெரியும்.

தயாரித்த தேதியைப் பாருங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இங்கே அதிகம் விற்காத அளவு என்றால் கோடவுனில் கிடந்த டயர் வரலாம். கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

டி.பி.எம்.எஸ். சென்சாரைக் கழற்றாதீர்கள். புது டயர் மாட்டி, காற்று நிரப்பியபின் காரின் மெனுவில் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். சாதா டயருக்கான காற்றளவை சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள். கார் வாரன்டியில் இருந்தால், டயர் வகை மாற்றுவது வாரன்டியைப் பாதிக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஸ்டெப்னி இல்லாத குறையை நிரப்ப வேண்டும். அதே போல்ட் அளவுக்குப் பொருந்தும், பிரேக் காலிப்பரில் இடிக்காத மெல்லிய ஸ்டெப்னி கிடைத்தால் டிக்கியில் பட்டை போட்டுக் கட்டி வையுங்கள். அதில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. கிடைக்காவிட்டால் பஞ்சர் கிட், 12 வோல்ட் காற்று பம்ப், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் பாட்டில் மூன்றும் காரில் இருக்கட்டும். 2020 அக்டோபர் முதல் ட்யூப்லெஸ் டயர், டி.பி.எம்.எஸ்., பஞ்சர் கிட் இவை உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. சட்டம் விடுகிறது, கருவேல முள் விடாது. சீலன்ட் ஊற்றிவிட்டால் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். டயரைக் கழுவவும் சென்சாரைத் துடைக்கவும் வேண்டியிருக்கும்.

எந்த டயராக இருந்தாலும்

காற்றைக் காலையில், கார் ஓடும் முன் பாருங்கள். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி ஏறினால் பிரஷர் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும். மதியம் நெடுஞ்சாலை பங்கில் நிறுத்தி, கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலை அது குறைவாக நிற்கும். ஸ்டெப்னியை மறப்பதே வழக்கமாகிவிட்டது. மாதம் ஒருமுறை அதையும் சேர்த்துப் பாருங்கள். டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு மட்டத்துக்குத் தேய்ந்தால், அதாவது 1.6 மில்லிமீட்டர், மாற்றும் காலம் வந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் என்றால் நான் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன்.

விளக்கு எரிந்தால்: குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஆச்சரியக்குறி. ரன்ஃபிளாட்டாக இருந்தாலும் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்று நான்கு டயரையும் பாருங்கள். கிழிசல் இல்லையென்றால் வேகத்தை 60-க்குக் குறைத்து, பள்ளம் தவிர்த்து, ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அந்த எண்ணைக் கடைக்காரரிடம் சொன்னால் டயரைக் காப்பாற்ற முடியுமா என்று அவர் முடிவு செய்ய உதவும்.

சாதா டயர் என்றால் தார்ச்சாலையை விட்டு முழுதாக இறங்குங்கள், ஹஸார்டு விளக்கைப் போடுங்கள், எல்லோரையும் வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாக இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நம் சாலையோரம் செம்மண், மழைக்குப் பிறகு பொதபொதவென்றிருக்கும். வெறும் மண்ணில் ஜாக்கி போட்டால் தூக்கத் தூக்க அது உள்ளே இறங்கும். எங்கள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போன ஒரு மழை நாளில் சாலையோரத்தில் கிடந்த செங்கலை ஜாக்கிக்கு அடியில் வைத்தேன். கார் பாதி எழும்பியதும் செங்கல் நொறுங்கி, ஜாக்கி சாய்ந்து, காரின் அடி விளிம்பு நசுங்கியது. அம்மா இறங்கித் தள்ளி நின்றிருந்ததால் பயத்தோடு போயிற்று. அன்றிலிருந்து ஒரு சாண் நீள அகலத்தில் இரண்டு விரல் தடிமனுள்ள தேக்குப் பலகைத் துண்டு என் டிக்கியில் கிடக்கிறது. பழைய மர வேலை நடக்கும் எந்தப் பட்டறையிலும் கேட்டால் கொடுப்பார்கள். ஜாக்கி, ஸ்பானர், டார்ச், அந்தப் பலகை நான்கையும் ஒரே பையில் போட்டு, பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாத இடத்தில் வையுங்கள்.